மணி அடிக்காத ஆண்டு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

ஓராண்டாக எச்சரிக்கை மணியே அடிக்காத அணுமின் நிலையம் என்று உங்களுக்குக் கொடுத்த கேடயத்தைத் துடைத்து வைக்கச் சொன்னீர்கள். தொடாமலே வந்துவிட்டேன். தேய்ந்த பம்பை மாற்ற உலையை நிறுத்தினால் லாபம் போய்விடுமென்று, மணி அடிக்கும் அளவையல்லவா உயர்த்திவைத்தீர்கள்? காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரையா திருத்துவார்கள்?

மேடையில், "நம்ம பிளான்ட் வீட்டைவிடப் பத்திரம்" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும், "பசங்களைக் கூட்டிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, இடுப்பில் கைக்குழந்தையோடு, "என்னம்மா, திடீர்னு இவ்வளவு பெட்டி?" என்று கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்கூசாமல் புளுகினேன்.

இன்று அந்த அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். தெருவே மூட்டை கட்டுகிறதாம்.

கேடயத்தை நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் அம்மா