கையெழுத்துக்கு மேலே

ஜூலை 9, 1957. செவ்வாய்

இன்று பருப்பைத் தீய விட்டேன். அம்மா திட்டவில்லை. "என்னாடி, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. புவியியல் புத்தகத்துக்குள் ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் ஆசிரியர் கல்லூரிக்கு. மலாயாப் பிள்ளைகளைக் கப்பலில் அனுப்பி, இரண்டு வருடம் படிக்க வைத்து, ஆசிரியராகத் திருப்பி அனுப்புவார்கள். டிசம்பர் பரீட்சையில் தேறினால்தான். ஆனால் விண்ணப்பம் இப்போதே போக வேண்டும். செப்டம்பர் ஆறாம் தேதி கடைசி நாள்.

அதில் ஒரு கட்டம். சிறப்புப் பாடம் எது என்று கேட்கிறது. எனக்குப் பொருந்துவது இரண்டுதான் என்றார் எங்கள் பள்ளி ஆசிரியை மிஸ் டி குரூஸ். வீட்டு நிர்வாகம், நாடகம். "ருக்மணி, நீ எதை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். அதனால்தான் பருப்பு தீய்ந்தது.

ஜூலை 10

டார்ச் மங்குகிறது. ஒன்றும் எழுத முடியவில்லை. கட்டம் இன்னும் காலி.

ஜூலை 14. ஞாயிறு

அப்பாவுக்கு ஒத்திகை. கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் ராணியாக நடந்தார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுத்தேன். எட்டு வயதிலிருந்து இது என் வேலை. நோட்டு எனக்குத் தேவையே இல்லை. அப்பாவின் எல்லா வேடத்தின் வசனமும் எனக்கு மனப்பாடம். அது அவருக்குத் தெரியாது.

பகலில் அப்பா சாலை இலாகாவின் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆணி, மண்வெட்டி, சிமெண்டு மூட்டை எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். லாரிக்காரர்கள் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, தமிழர் சங்கத்து நாடகத்தில் அவர்தான் கதாநாயகி. பதினாறு வருடமாக. பெண்கள் மேடை ஏறுவதில்லை, அதனால் அப்பா ஏறுகிறார்.

அம்மா கொசுவத்தைச் சரிசெய்தபடி, "என் புடவைய கட்டிக்கிட்டு என்னையவிட அழகா நடக்குறீங்க. நாளைக்கு பாசாருக்கும் நீங்களே போங்க" என்றாள்.

"போறேன். மீன்காரன் வெல கொறைப்பான்" என்றார் அப்பா, ராணியின் குரலிலேயே.

எவ்வளவு சிரித்தோம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 17

நல்லவேளை சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டில், சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பெண் நாடகத்தில் நடித்ததாக அம்மா கேள்விப்பட்டதைச் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"மேடையிலேருந்து பாத்தா என்னா தெரியும் தெரியுமா பாக்கியம்? மூஞ்சி தெரியாது. இருட்டு. இருட்டுக்குள்ளேருந்து விசிலு. அப்புறம் பேச்சு. நான் ஆம்பிளன்னு தெரிஞ்சே பேசுறானுங்க. மறுநாள் ஆபீஸ்ல அந்தத் தம்பிராஜா, 'ராணியம்மா, ஒரு டசன் போல்ட்டு குடுங்க'ங்கிறான். நான் பவுடரத் தொடச்சிட்டு வந்துருவேன். ஒரு பொண்ணு எதத் தொடப்பா?"

அப்பா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் காது சுட்டது.

அவர் கோபக்காரராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசலாம். அவர் பயப்படுகிறார். யாரோ ஒரு சிங்கப்பூர்ப் பெண்ணுக்காகக் கூட. இதை எப்படி எதிர்ப்பது?

ஜூலை 25

என்ன செய்துவிட்டேன்!

காலையில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். "டீச்சர் வேலைக்குப் படிக்கிறதுக்கு, அப்பா. இங்க கையெழுத்து போடணும்." இங்கிலாந்து பற்றி முன்பே மிஸ் வீட்டுக்கு வந்து பேசியிருந்தார். அதற்கு அப்பாவும் அம்மாவும் பயந்து பயந்து சம்மதித்திருந்தார்கள். டீச்சர் என்றால் அம்மாவுக்குப் பெருமை.

அப்பா தாளைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. ஒரு வரி கூட. ஒரு பெட்டி ஆணிக்குக் காட்டும் கவனத்தை எனக்குக் காட்டவில்லை. இல்லை, அது தப்பு. என் மேல் இருந்த நம்பிக்கையில்தான் பார்க்கவில்லை.

கையெழுத்துக்கு மேலே அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இப்போது நான் எதை எழுதினாலும் அப்பா சம்மதித்தது போல ஆகிவிடும்.

ஜூலை 28

மீனாட்சியிடம் மட்டும் சொன்னேன். கம்போங் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய் பேசும் செட்டிச் சனம், என் வகுப்புதான். அவளுக்குத் தமிழ் வராது, சாமி பேர் மட்டும் தெரியும். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அதனால் அவளிடம் சொன்ன ரகசியம் எங்கள் சனங்களிடம் போய்ச் சேராது.

"அலாமா! கையெழுத்து இருக்கு, பேனா இருக்கு. இன்னும் என்னா? எழுது" என்றாள்.

"அப்பாவ ஏமாத்துறதா?"

"அப்ப சமையலுன்னு எழுது. ரெண்டு வருஷம் வெள்ளக்காரிக்கு முட்டை அவிச்சுக் குடு. பருப்பே தீயுது உனக்கு."

அவளை அடிக்கத் துரத்தினேன். கோயில் மதில் வரை ஓடினோம்.

ஆகஸ்டு 11

வீட்டு நிர்வாகம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

நாடகம் என்று எழுதத் திறந்தேன். மூடினேன்.

ஆகஸ்டு 22

மிஸ் கேட்டார். "அடுத்த வாரம், மிஸ்" என்றேன். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்றும் கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமென்றா இல்லையென்றா, எனக்கே தெரியாதபடி ஆட்டினேன்.

ஆகஸ்டு 31. சனி

மெர்டேக்கா! இன்று முதல் நாம் சுதந்திர நாடு. விடியற்காலையிலேயே பாடாங்குக்கு, ஊர் மைதானத்துக்கு, போனோம். மலாய்க்காரர், சீனர், நாங்கள், செட்டிகள், எல்லோரும் புது உடுப்பில். மீனாட்சி கெபாயாச் சட்டை போட்டு, பெரிய பெண் மாதிரி இருந்தாள். கூட்டம் மெர்டேக்கா என்று கத்தியது. என் அப்பா, வீட்டில் அம்மாவை அழைக்கக் கூடச் சத்தம் போடாதவர், கையைத் தூக்கித் தூக்கிக் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர். நானும் கத்தினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை.

நாளை சாயங்காலம் நாடகம்.

செப்டம்பர் 1. ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்து மிளகுக் கஷாயம், தேன், இஞ்சி. ஒன்றுக்கும் குரல் திரும்பவில்லை. பத்து மணிக்குச் சேதுராமன் மாமா வந்தார். தையல் கடைக்காரர், நாடகம் பழக்குவதும் அவர்தான். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ராஜரத்தினண்ணே! நாடு சொதந்திரம் வாங்கிருச்சு, சரி. ஒரு நா பொறுத்து கத்தியிருக்கக் கூடாதா? ராணி ஊமைன்னு நான் எப்படிக் கதைய மாத்துவேன்?"

வேறு யாருக்கும் வசனம் தெரியாது. அப்போது அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ருக்கு படுதாவுக்குப் பின்னால நின்னு பேசட்டும். இவரு முன்னால வாய அசைக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

அப்பா வேகமாகத் தலையாட்டினார். என் பழைய சிலேட்டை எடுத்து, பெரிதாக 'வேண்டாம்' என்று எழுதி அம்மாவிடம் காட்டினார்.

அம்மா அதை நன்றாகப் பார்த்தாள். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைத்தாள்.

சாயங்காலம் மேடைக்குப் பின்னால், கறுப்புத் துணியை ஒட்டி நின்றேன். துணியில் ஒரு கிழிசல். அதன் வழியாக அப்பாவின் முதுகு தெரிந்தது, பச்சைப் புடவை, பொய்க் கொண்டை. அவர் தோள் உயரும்போது நான் மூச்சை இழுத்தேன். இறங்கும்போது பேசினேன். முதல் வரி தடுமாறியது. இரண்டாவதில் சேர்ந்துவிட்டோம். அதற்குப் பிறகு எது அவர், எது நான் என்று தெரியவில்லை.

அரசன் சிறையில் இருக்க, ராணி தனியாகச் சபையில் நின்று பேசும் காட்சி. நடுவில் இருட்டிலிருந்து ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் அசிங்கமாக ஏதோ கத்தினான். அதை இங்கே எழுதமாட்டேன். அவன் ராணியிடம் கத்தினான். பாதி வரியில் நிறுத்திவிட்டேன். என் குரலைத் தொட்ட மாதிரி இருந்தது. இதைத்தான் அப்பா சொன்னார். இதுதானா அது?

அப்பா வாயை அசைக்கவில்லை. மெல்லத் திரும்பி, சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் செய்யவில்லை. எவ்வளவு நேரம்? கொட்டகை அடங்கியது. ஒரு குழந்தை இருமியது கேட்டது. பிறகு அவருடைய கை பின்னால் வந்து, கறுப்புத் துணி பக்கமாக ஒரு விரல் அசைந்தது. எனக்கு. இப்போது சொல் என்று.

சொன்னேன். இதுவரை என்னிடமிருந்து வராத குரல் வந்தது.

முடிந்ததும் தம்பிராஜா மாமாவே மேடைக்கு ஏறி வந்து, "அண்ணே, பதினாறு வருஷத்துல இப்படி ஒரு கொரலு வந்ததில்லண்ணே" என்றார். அப்பா கும்பிட்டார். வேறென்ன செய்வார், குரல்தான் இல்லையே.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா என்னிடம் திரும்பவே இல்லை. கோபமா?

செப்டம்பர் 3

சொல்லிவிட்டேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும், தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இதுல நீங்க கையெழுத்து போட்டப்போ ஒரு எடம் காலியா இருந்திச்சிப்பா. நான் சொல்லல." அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து விரல் வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில், ஸ்டோரில் சரக்கு பார்ப்பது போலப் பார்த்தார். தெரியாத இடத்தில் "இது என்னா?" என்றார், உடைந்த குரலில். சொன்னேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"என்னா எழுதப் போற?"

"நாடகம்."

சொல்லிவிட்டேன். சத்தமாக. வாசலில் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

"அங்கயும் விசிலடிப்பானுங்க" என்றார்.

"தெரியும்பா. முந்தாநாளு கேட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. தாள் இப்போது அவரிடம். இன்னும் மூன்று நாள்.

செப்டம்பர் 4

தாள் இன்னும் அப்பாவிடம்தான். அம்மா இரண்டு முறை கேட்டாள். "யோசிக்க விடு" என்றார்.

செப்டம்பர் 5

பத்து மணிக்கு வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், பள்ளி வாசலில் அப்பா. காக்கி உடுப்பு, கால்சட்டையில் சைக்கிள் கிளிப். எனக்கு உயிர் போய்விட்டது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்குள் அவர் வந்ததே இல்லை.

மிஸ் டி குரூஸ் என்னை அழைத்து நடுவில் நிற்க வைத்தார். மொழிபெயர்க்க.

"அவங்ககிட்ட ஒண்ணு கேளு. அந்தக் காலேஜு நாடகத்துல பொம்பள வேஷத்த யாரு போடுவாங்க?"

கேட்டேன். மிஸ்ஸுக்குக் கேள்வியே புரியவில்லை. "பெண்கள்தான். வேறு யார்?" என்றார்.

அப்பா குனிந்து சைக்கிள் கிளிப்பைக் கழற்றினார். "பொம்பளைங்களா நடிக்கிறாங்க… பாக்க வர்றவங்களுக்கும் அது பழக்கம்?"

"ஆமாம். வெகுகாலமாக."

"படிச்சிட்டு வந்தா இவளுக்கு என்னா வேலை?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவாள், பெண் பிள்ளைகளுக்கும், என்றார் மிஸ்.

அப்பா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

"காலித் தாள்ல போட்ட கையெழுத்து செல்லாது. எங்க ஸ்டோர் சட்டம்" என்றார். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார். "மொதல்ல நீ எழுது."

எழுதினேன். எழுத்து கோணல். அப்பா அதை ஒருமுறை படித்தார். பிறகு கோடு கிழித்த பெயருக்குக் கீழே, புதிதாக, நிதானமாக, கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 19

கோலாலம்பூரில் நேர்முகம். மூன்று பேர் கேட்டார்கள். நாடகம் எங்கே கற்றாய் என்றார்கள். வீட்டில், அப்பாவிடம் என்றேன். நகைச்சுவை என்று நினைத்து ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவரும் நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் 14

பரீட்சை முடிந்தது. கணக்கு மோசம். மற்றது பரவாயில்லை.

ஜனவரி 1, 1958

ஒன்றும் வரவில்லை. அம்மா பிள்ளையாருக்கு ஐம்பது தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். "அம்பதும் நீதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

மார்ச் 23

தேறிவிட்டேன். கடிதமும் வந்துவிட்டது. அம்மா அதை மோந்து பார்த்தாள். ஏன் என்று கேட்டால், "கப்பல் வாசன வருதான்னு பாத்தேன்" என்கிறாள். மீனாட்சி வந்து கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு என் குடையைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அங்கே எப்போதும் மழையாம், எனக்குத்தான் குடை வேண்டும் என்றேன். சண்டை.

ஏப்ரல் 6

கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்பினேன். என் பெயர், பிறந்த தேதி, காஜா பேராங் வீட்டு முகவரி. பிறகு தந்தையின் தொழில்.

"ஸ்டோர் கிராணின்னு போடு" என்றார் அப்பா, செருப்பை மாட்டியபடி. சங்கத்தில் கூட்டம் இருந்தது.

போட்டேன். வாசற்படி இறங்கிப் போனவர், சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"எடமிருந்தா நடிகர்னும் போடு."

இடம் இருந்தது.