அண்ணன் இழுத்துப் போன படகு

நவம்பர் 14, செவ்வாய்

மழை. கல்லூரியில் இடப்பெயர்வு பற்றிய வகுப்பு; பாதிப் பேர் வரவில்லை. இந்தோனேசியாவின் இந்த ஆச்சேக் கரையில், எங்கள் கடலோடிகள் தத்தளித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதே இல்லை என்று நான் எழுதிய புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன்.

மதியம் அகதி முகாம். ஒரு வருடமாக நான் பேட்டி காணும் ரோஹிங்கியாப் பெண் செனுவாரா இன்று என்னிடம் கேள்வி கேட்டாள். அவள் தங்கை ஷம்ஷிதா வங்கதேச முகாமிலிருந்து படகேறிவிட்டாளாம். "ஏதாச்சும் படகு வந்துச்சா அக்கா?"

இல்லை என்றேன்.

நவம்பர் 16, வியாழன்

குவாலா மெராந்தி. என் ஊர் என்று எழுதக் கை வரவில்லை.

காலையில் அண்ணி சஃப்ரிடா போன் செய்தாள். கரைக்குப் பக்கத்தில் ரோஹிங்கியா படகு நிற்கிறது, உடனே வந்து உன் அபாங்கைத் தடுத்து நிறுத்து என்றாள். அபாங் என்றால் அண்ணன்; முர்தளா, என் கூடப் பிறந்தவன். இந்தக் கரையில் அவனைப்போல நீரோட்டம் தெரிந்தவன் இல்லை.

நான் வந்தபோது முடிவாகிவிட்டிருந்தது. போன தடவை வந்தவர்களைத் தொழுகைக்கூடத்தில் மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட்டார்கள். வருகிறோம் என்ற அதிகாரி ஒருவரும் வரவில்லை. பிறகு போனில் வந்த வதந்திகள். நிலம் கேட்பார்களாம். இறக்க வேண்டாம் என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. அரிசி, தண்ணீர், டீசல் ஏற்றிவிட்டு அபாங் தன் படகில் கயிற்றைக் கட்டினான்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினேன். ஷம்ஷிதா! ஷம்ஷிதா! விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள்.

ஏன் கூப்பிட்டேன்?

அபாங்கிடம் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ அவங்களப் பத்தி புத்தகம் எழுதுவ. பொங்கிப் போடறது நாங்க. ஈரத்துணிய மாத்து, போ."

கண்ணுக்கு மறையும்வரை அவர்களை நடுக்கடல் பக்கம் இழுத்துப் போனான்.

நவம்பர் 17, வெள்ளி

முகாமுக்குப் போகவில்லை.

நவம்பர் 20, திங்கள்

அகதிகள் அமைப்பில் கடற்படையைக் கேள் என்கிறார்கள். கடற்படையில் மாவட்டத்தை. மாவட்டத்தில் தலைநகரத்தை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

எங்கள் கடல் வழக்கத்துக்குத் தலைவர் பாவாங் இஷாக். அவர் காப்பி வாங்கிக் கொடுத்தார். "தத்தளிக்கறவனத் தூக்கணும்னுதான் வழக்கம். ஊர் வேண்டாம்னுருச்சு. நான் ஒத்த ஆளு, என்ன பண்ண?"

அந்த டீசல் எத்தனை நாள் வரும்?

நவம்பர் 21, செவ்வாய்

செனுவாராவிடம் சொல்லிவிட்டேன். இழுத்துப் போனது யார் என்பதையும்.

"கை தூக்கினது அவதானா?"

அந்தப் பெயருக்குத்தான் தூக்கினாள் என்றேன்.

என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "நான் பேசினதெல்லாம் உங்க போன்ல இருக்குல்ல. அழிச்சிருங்க."

அவள் எதிரிலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். எரிந்த வீடு, ஆற்றைக் கடந்தது, அம்மா இறந்தது. ஒரு வருட ஆராய்ச்சி என்று நினைக்கக்கூட வெட்கமாக இருந்தது. முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 23, வியாழன்

ஊரில் அபாங்கோடு சண்டை. ஆச்சேயில் போர் நடந்த காலத்தில் நீயும் படகில்தானே மலேசியாவுக்கு ஓடினாய், உன்னை அன்றைக்கு யாராவது இழுத்து விட்டிருந்தால் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"அங்க கோழிக் கொட்டாயில மாசக்கணக்கா ஒளிஞ்சு கிடந்தவன் நான். எனக்கா பாடம் எடுக்கற?"

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அண்ணி என்னைத் திட்டினாள். "அன்னியிலேருந்து அவரு தூங்கல நிடா. நீ வேற வந்து குத்தாத."

நவம்பர் 24, வெள்ளி

வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் கட்டிக் கிடக்கிறது.

அபாங்கின் படகைக் காணோம்.

நவம்பர் 26, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டான்! எஞ்சின் செத்து நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார்களாம். பக்கத்து முகத்துவாரத்தில் கரையேற்றியிருக்கிறான். ஷம்ஷிதா உயிரோடு இருக்கிறாள். எல்லாரும் இல்லை. வழியிலேயே இறந்துபோன சிலரைக் கடலில் விட வேண்டி வந்ததாம்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று போனில் கேட்டேன். "கயித்த எங்க அவுத்தேன்னு எனக்குத்தான தெரியும்."

மாலை — அபாங்கைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. ஆள் கடத்தினானாம். காசு வாங்காமல் எவன் டீசலை எரிப்பான் என்று என்னிடமே கேட்டார் அதிகாரி. என் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அட, இதை ஏன் காட்டினேன்!

ஜனவரி 30, செவ்வாய்

அபாங்குக்கு ஐந்து வருடம் ஜெயில்.

ஷம்ஷிதாவைச் சாட்சி சொல்ல அழைத்து வந்திருந்தார்கள். "எங்கள இழுத்துக்கிட்டுப் போனது இவருதான். திரும்பி வந்ததும் இவருதான்" என்றாள். உண்மை, அவ்வளவுதான். படகு எங்கே இருக்கும் என்று இவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

சாட்சிக்காக இதுவரை போலீஸ் தனியாக வைத்திருந்த அவளை முகாமில் விடும்போது கூடப் போனேன். செனுவாரா வாசலுக்கு ஓடி வந்து தங்கையை உள்ளே கூட்டிப் போனாள். என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எனக்கென்ன உரிமை?

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெயிலில் அபாங்குக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நானும் அண்ணியும் ஊருக்கு வந்தால், கரையில் கூட்டம். இன்னொரு படகு. சாய்ந்து நின்றது.

இந்த முறை யாரும் போ என்று கத்தவில்லை. அரிசி, டீசல் என்றும் யாரும் வாய் திறக்கவில்லை. கிட்டப் போனாலே ஜெயில் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பாவாங் இஷாக் மணலில் உட்கார்ந்து குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அவர் தம்பி, "எம்புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்றான், நான் கேட்காமலே.

அண்ணி மட்டும் வீட்டுக்குப் போய்ப் பெரிய அண்டாவில் சோறு வடித்துக் கரைக்குக் கொண்டு வந்து வைத்தாள். கொண்டுபோகப் படகு இறக்க ஆள் இல்லை. எங்கள் இருவருக்கும் படகோட்டத் தெரியாது.

வெயில் தாழ்வதற்குள் அந்தப் படகு கண்ணை விட்டுப் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. அண்ணி அண்டாவைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.