ருசி பார்த்தது சாப்பாடு இல்லை, அக்கா

என் தங்கமான அக்காவுக்கு,

நீ போனதற்கு நான் இன்னும் அழவில்லை. பெருமாள்மலைக் கடைவீதியில்கூட அதைத்தான் பேசுகிறார்களாம். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். உன் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளனே எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்துக்குப் போகிறேன்.

பிள்ளைகள் அப்படியேதான் வருகிறார்கள். பூண்டுக்காட்டு வேலைக்கு அம்மாக்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு வரக்காப்பிதான். "வெறும் வயித்தோட ஒக்காந்தா வாய்ப்பாடு எங்கிட்டு ஏறும்?" என்று டீச்சரிடமே கேட்பாயே. நீ காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தபின் பிரேயரில் ஒரு பிள்ளைகூட மயங்கி விழவில்லை.

விழுந்தது நீதான்.

பரிமாறுமுன் சமைத்தவர் ஒரு கரண்டி ருசி பார்ப்பது அங்கே வழக்கம். "நீ சாப்பிடலையாக்கா?" என்றால், "அதான் ருசி பாத்தேன்ல, வயிறு திம்முனு கெடக்கு" என்பாய். அந்த ஒரு கரண்டியை நம்பித்தான் சர்க்கரை மாத்திரையையும் விழுங்கியிருக்கிறாய். பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் பாத்திரம் கழுவுகிற இடத்தில் விழுந்து கிடந்தாய். கொடைக்கானலுக்கு வண்டி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாத்திரை போட்டவங்க சாப்பிடாம இருக்கலாமாம்மா? சர்க்கரை ஒரேயடியா எறங்கிருக்கு" என்றார் டாக்டர். அத்தனை பிள்ளைகளுக்கும் தட்டு வைத்தவள் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எனக்கு இப்போது உப்பும் உறைப்பும் தெரிவதில்லை. நேற்றும் ருசி பார்த்துவிட்டுத்தான் பொங்கலை இறக்கினேன். உன் மகள் தர்ஷினி வாயில் வைத்ததுமே, "சித்தி, உப்பே இல்ல" என்றாள். உப்புத்தண்ணீர் விட்டுக் கிளறிக் கொடுத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் தட்டைத் தொடவில்லை.

"வெரசா சாப்பிடுடி, பெல் அடிச்சிரும்."

"நீ சாப்பிட்டியா சித்தி?"

"அதான் ருசி பாத்தேன்ல."

சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. ஐயோ, பிள்ளையின் முகத்தைப் பார்க்கணுமே! எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "அம்மாவும் அன்னைக்கு இதேதான் சொல்லுச்சு" என்றாள்.

வரிசையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு தட்டுப் பொங்கலை ருசியே தெரியாமல் தின்று முடித்தேன். நான் ஒரு வாய் விழுங்கினால்தான் அவள் ஒரு வாய் எடுத்தாள்.

நாளைக்கும் உட்காருவேன் அக்கா. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு தட்டு எனக்கு எடுத்து வைப்பேன். உன்மேல் சத்தியம். அழுகை வருகிறபோது வரட்டும்.

இப்படிக்கு,
உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற
உன் தங்கச்சி