இரண்டாவது காப்பி

என் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்த வரியை இன்னொரு தடவை படி. அம்மா நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துத் தரவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கப்பல் சமையல்காரர் கையில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் உறை பிரியாமல் வந்து சேர்ந்தது, இதையும் அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நகரசபைக் கூட்டத்தில் எழுந்து மேயரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டாயாம், அவர் குறித்துக்கொண்டு நன்றி சொன்னாராம், மறுநாள் நீ பாட்டுக்கு வேலைக்குப் போனாயாம். வேலைக்குப் போனாய் என்ற அந்த வரியைத்தான் அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அங்கேயும் தெருவுக்குத் தெரு கேமரா, ஊர்வலத்துக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள், கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்கினோம் என்று குறைப்பட்டிருந்தாய். குறைப்பட வேண்டியதுதான், எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. ஆனால் இங்கே கோர்ட்டுக்குப் போன உன் கணக்கு சார் ஒரு வருஷமாகியும் வீடு திரும்பவில்லை. அவர் வீட்டு வழியாக நடப்பதையே தெருவில் எல்லோரும் விட்டுவிட்டோம், நானும்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் செய்த வேலையைச் சொல்கிறேன், கோபப்படாதே. ஊர்வலத்தில் நீ அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்க, போலீஸ்காரர் உங்களுக்காக வண்டிகளை நிறுத்துகிற, கடிதத்தோடு நீ வைத்திருந்த அந்த போட்டோவைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவுக்குக் காட்டலாமென்று நம் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். யார் எதை எடுத்தாலும் போலீஸ் ஸ்டேஷனுக்கென்று இரண்டாவது காப்பி எடுத்துக் கட்டோடு சேர்த்து வைக்க வேண்டுமே, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக வைத்துவிட்டது. சனிக்கிழமை கட்டு ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் உறைத்தது. பெற்ற பெண்ணை நானே காட்டிக் கொடுத்துவிட்டேன் பாப்பா.

திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரொம்ப மரியாதை, செருப்பைக்கூட வாசலில் கழற்றினார்கள். டீ குடித்தார்கள், உன் சம்பளம் எவ்வளவு, எப்போது ஊருக்கு வருவாய் என்று விசாரித்தார்கள். அப்புறம் அம்மாவுக்கு ஆபத்து, உடனே புறப்பட்டு வா என்று உனக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். தான் சாகக் கிடப்பதாக நான் எழுதுவதை அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தபாலில் போட அவர்களே எடுத்துப் போனார்கள். என் கையெழுத்தில்தான் வரும், நம்பாதே. போன் பண்ணிக் கேட்காதே, பக்கத்தில் ஆள் இருப்பார்கள், நான் வா என்றுதான் சொல்லுவேன்.

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். நேரத்துக்குச் சாப்பிடு. சின்ன வயசில் வாயை மூடு, வாயை மூடு என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருப்பேன், அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது. ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா பெயரைச் சொல்லியும் நீ வரவில்லையென்றால், அடுத்து அப்பா போய்விட்டார் என்று கடிதம் வரும். அது நிஜமாகவே இருந்தாலும் வராதே.

உன் அப்பா