டார்ச் அணைந்த பிறகு

என்னங்க, முழங்கால் வலி குறைந்ததா? இந்த மலை விடுதியில் விருந்தினர்களுக்கு மின்மினி காட்டும் வேலைக்கு நான் கிளம்பும்போது, "ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுற, அந்த இருட்டுல எந்த மின்மினியைக் காட்டப் போற?" என்று கேட்டீர்களே. அதற்கு நேற்றுதான் பதில் கிடைத்தது.

பொழுது சாய்ந்ததும் விருந்தினர்களை மலைக்காட்டுக்குள் அழைத்துப் போனேன். வெளிச்சம் உறுத்தாமலிருக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தும் ஒரு பூச்சிகூட மினுங்கவில்லை. இந்த வாரமும் ஏமாற்றினால் விடுதிக்காரர் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கவலையில் வேர் தடுக்கி உட்கார்ந்துவிட்டேன். பெரிய அடி ஒன்றுமில்லை, டார்ச்தான் போயிற்று.

"யாரும் அசையாதீங்க" என்றேன். வாத்தியார் வெளியே போனதும் வகுப்பில் பேச்சு கிளம்புமே, அதுபோல் முதலில் ஒன்று மினுங்கியது, பிறகு நாலைந்து, பிறகு மரம் முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தது. எங்கள் டார்ச்தான் இத்தனை நாளும் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது!

"டீச்சர், தினமும் இப்படித் தடுக்கி விழுங்க!" என்றார் விருந்தினரில் ஒரு அம்மா; இங்கேயும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். விடுதிக்காரர் சீசன் முடியும்வரை இருக்கச் சொல்லிவிட்டார்.

வலித் தைலம் ஒரு குப்பி அனுப்புங்கள். உடையாமல் இருக்க உங்கள் பழைய சட்டையில் சுற்றி அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். தபால் வண்டி வந்துவிட்டது. இன்று மாலை மாடி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்து பாருங்கள்.