கண்ணுக்குள் ஒரு கூடு

கொண்டப்பநாயக்கன்பட்டி
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள எமல்டா அக்காவுக்கு,

அக்சிலியா எழுதுவது. அப்பா சுகம். போன் செய்தால் வேலையென்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

பிறந்ததிலிருந்தே எனக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. இப்போது வலது கண்ணிலும் புகை படிந்த மாதிரி இருக்கிறது. டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கண் டாக்டரிடம் போனோம். "இடது கண்ல இருக்கறது பழைய வடும்மா. அதே கிருமி வலது கண்ல இப்ப முழிச்சிருக்கு. தாய் வயித்துலயே வந்தது" என்றார். டாக்ஸோபிளாஸ்மா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நீ பத்து வருடமாக ஆராய்ச்சி செய்வது இதைத்தானே அக்கா? என்னைக் கலைக்க மாத்திரை விழுங்கியதால்தான் கண் போனது என்று அம்மாவே ஒத்துக்கொண்டாளே. சாகும்வரை மாதாமாதம் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாளே. அதெல்லாம் என்ன?

பெரிய எழுத்தில் எழுது.

உன் தங்கை,
அக்சிலியா

கிளாஸ்கோ
21 ஆகஸ்ட் 2024

செல்லத் தங்கை அக்சிலியாவுக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதேன். மாத்திரைகளை விடாமல் சாப்பிடு.

இந்தக் கிருமி உடம்புக்குள் போனதும் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டின் சுவரில் ஒரே குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன. கூடப்பிறந்தவர்கள் மாதிரி சாயல் ஒன்று, வேலை வேறு. மருந்து வெளியே திரியும் கிருமியைத்தான் கொல்லும், சுவருக்குள் இருப்பதைத் தொடாது. அந்தப் புரதங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் கூடு பொலபொலவென்று உடைந்துவிடுகிறது. எலியில் பார்த்துவிட்டோம். அதுதான் என் வேலை.

சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தண்ணீர், எதில் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பழையதைக் கிளறாதே.

ஓர் உதவி. உன் ரத்தம் கொஞ்சம் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யட்டுமா? பிறவியிலேயே இந்தக் கிருமி வந்தவர்களின் ரத்தம் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது அரிது.

முத்தங்களுடன்,
எமல்டா

கொண்டப்பநாயக்கன்பட்டி
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையா, இல்லையா? அதை மட்டும் நீ எழுதவில்லை.

டாக்டர் முதலில் கேட்டதே, "ஊட்ல பூனை இருந்துச்சா?" என்றுதான். நான் இல்லையென்றேன். அப்பா இருந்தது என்றார். அம்மா என்னைச் சுமந்த வருடம் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு குட்டியைத் தூக்கி வந்தாயாம். அது மணலில் கழித்ததையெல்லாம் அம்மாதான் அள்ளிப் போட்டாளாம். அதில்தான் இந்தக் கிருமி இருக்குமாம்.

கறி எழுதினாய், கீரை எழுதினாய். பூனையை ஏன் அக்கா எழுதவில்லை?

அக்சிலியா

கிளாஸ்கோ
18 செப்டம்பர் 2024

அக்சிலியா,

மாத்திரை இல்லை. அது கண்ணில் இப்படி வடு போடாது. பூனைதான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பூனைதான் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடமே இது எனக்குத் தெரியும். சொல்லிவிட எத்தனையோ முறை போனை எடுத்தேன். நீயும் அப்பாவும் அம்மாவை வெறுத்துப் பழகியிருந்தீர்கள். அந்த வெறுப்பு என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்சிலியா. பூனைக்குட்டிதானே.

நவம்பரில் அம்மா இறந்த முதல் வருடப் பூசைக்கு வருகிறேன். உன் காலில் விழுகிறேன்.

எமல்டா

கொண்டப்பநாயக்கன்பட்டி
10 அக்டோபர் 2024

எமல்டாவுக்கு,

எனக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. உன் கடிதத்தை அப்பாதான் வாசித்துக் காட்டினார். இதையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார்.

ஒன்பது வயதில் பூனை தூக்கி வந்ததற்கு யாரும் உன்னைக் கோபிக்கப் போவதில்லை. இருபத்தேழு வயதில் எடுத்த போனைத் திரும்ப வைத்தாயே, அதற்குத்தான். அப்போது அம்மா இருந்தாள்.

அவள் கடைசி நாள் உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு சாமி" என்றாள். "எங் கண்ணக் குடு, சொல்றேன்" என்று கையை உதறினேன். மறுநாள் காலையில் போய்விட்டாள். அப்பா கூடவே நின்றார். என்னைத் தடுக்கவில்லை. இருபது வருடமாக அவள் கையால் சோறு வாங்கித் தின்னாதவர் எப்படித் தடுப்பார்?

நாங்களே எங்களை இப்படி ஆக்கிக்கொண்டோம். நீ ஒரே ஒரு போனில் நிறுத்தியிருக்கலாம்.

ரத்தம் கிடையாது. பூசைக்கு வராதே. கல்லறைக்கும் போகாதே. எனக்கு அக்கா இல்லை.

அக்சிலியா

எமல்டா, அப்பா எழுதுறேன். அவ சொன்னதுல ஒரு வார்த்தையும் நான் குறைக்கலை. குறைக்கச் சொல்லி அவளும் கேட்கலை. வராதே.

தோமினிக்