சும்மா ஓடிய ஜெனரேட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். நான் இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். நீ அங்கே சுகமாக இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை உன் மாமா உனக்குத் தன் பாணியில் சொல்லியிருப்பார். அவர் நிர்வாகி, நான் வெறும் இன்ஜினியர். ஜெனரேட்டரை வாராவாரம் ஒரு மணி நேரம் சோதனைக்காகச் சும்மா ஓடவிட வேண்டும், எந்த வார்டின் மின்சுமையையும் ஏற்றக் கூடாது என்பது அவர் உத்தரவு. டீசல் பாழ், என்ஜின் சூடேறாமல் அரைகுறையாக எரித்துப் பின்தெருவுக்குப் புகையைக் கக்கும், எரியாத எண்ணெய் புகைக்குழாயில் பிசின்போல் படியும், மாதம் ஒருமுறை சுமையேற்றி அரை மணி ஓட்டினாலே போதும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். "சத்தம் கேட்டாத்தான் டிரஸ்டிக்கு நம்பிக்கை வரும் மச்சான், உங்க படிப்பை மூட்டை கட்டி வைங்க" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

போன வாரச் சோதனையின்போது பின்தெரு வெல்டர் இரும்புக் கம்பியோடு சுவரேறிக் குதித்தான். "எம் பொண்ணு மூச்சு முட்டிக் கெடக்கா, நிறுத்துங்கடா" என்று கத்தியபடி ஜெனரேட்டர் பேனலின் கண்ணாடியை நொறுக்கினான். தடுத்தேன், வலது தோளில் ஒரே போடு. எலும்பு முறிந்தது என்ஜின் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. நானும் விடவில்லை, குரல்வளையைப் பிடித்துச் சுவரில் மோதினேன், அவன் பல் தெறித்தது. உன் மாமா அறையைத் தாழிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக "விடாதீங்க மச்சான், போடுங்க" என்று வீரம் காட்டினார்.

அவனை லாக்கப்பில் போட்டார்கள். புகையே வரவில்லை, கொல்லத்தான் வந்தான் என்று ஒரு புகாரை மாமா நீட்டினார். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லையாம். "என் தம்பிக்காகப் போட்டுடுங்க" என்று அம்மா அழுதாள். சுமையேற்றி ஓட்டிக் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டரும் டிரஸ்டிகளும் பார்க்க, வார்டுகளின் சுமையை ஒவ்வொன்றாக ஏற்றினேன். புகைக்குழாய் சூடேறியதும் இத்தனை காலம் படிந்த பிசின் தீப்பிடித்துத் துண்டு துண்டாகப் பறந்து மாமாவின் புதுக் காரின் கூரையில் விழுந்தது. அவர் கோட்டைக் கழற்றி அடித்தார், கோட்டும் எரிந்தது. இன்ஸ்பெக்டர் புகாரை மடித்து மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இனி மாதம் ஒருமுறை, சுமையோடுதான். வெல்டர் வெளியே வந்ததும் வாசலில் நின்று, "தோள் சரியாகட்டும் சார், பல்லுக்கு பாக்கி இருக்கு" என்றான். வாடா என்றேன். அவன் மகள் இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாளாம்.

அம்மா என்னோடு பேசுவதில்லை, போன் செய்து அவளைத் தேற்று. மாமா அழைத்தால் கார் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேள். நீ நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும்.

உன் அப்பா